குழாய் வெளியே வந்த பிறகு

1920-களில் பாரிஸ் நகரில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு நடனப் பெண் வந்தார். கெண்டைக்காலும் முழங்காலும் மெலிந்து தெரிய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவியைக் கொண்டு, தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பைத் துஜாரியே சுரண்டி எடுத்தார். கொழுப்பு வந்துவிட்டது. ஆனால் காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, சதை அழுகத் தொடங்கியது. கடைசியில் அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தி பரவியபின், உடல் அழகுக்காகக் கொழுப்பை எடுக்கும் யோசனையின் பக்கம் பெரும்பாலான மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தலைவைத்துப் படுக்கவில்லை. கொழுப்பை எடுப்பது அன்றைக்கும் கடினமான வேலை இல்லை. எடுத்த இடம் பிழைத்து ஆறுமா என்பதுதான் கேள்வி. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறு. இன்று அந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் பேசினால், அறுவை அரங்கில் நடக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் உடம்பு செய்யப்போகும் ஆறு மாத வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல இடங்களில் யாரும் சொல்வதும் இல்லை. இந்த அத்தியாயம் அந்த ஆறு மாதத்தைப் பற்றியது.

முதலில், அரங்கில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1970-களின் நடுவில் ரோம் நகரில் ஆர்பாட் ஃபிஷரும் அவர் மகன் ஜியோர்ஜியோ ஃபிஷரும் தோலில் சிறு துளை போட்டு, உள்ளே வெட்டும் கத்தி பொருத்திய குழாயைச் செலுத்தி, கொழுப்பை வெட்டி உறிஞ்சினார்கள். கத்தி ரத்தக்குழாய்களையும் விட்டுவைக்கவில்லை. தோலுக்கு அடியில் ரத்தமும் நீரும் தேங்கின. 1977-இல் பாரிஸில் ஈவ்-ஜெரார் இலூஸ் என்ற மருத்துவரிடம், முதுகில் கொழுப்புக் கட்டியோடு ஒரு பெண் வந்தார். நீளமான தழும்பு விழாமல் கட்டியை எடுக்க வேண்டும் என்று கேட்டார். இலூஸ் முனை மழுங்கிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார். வெட்டும் முனை இல்லை. அந்த மழுங்கல்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

ஏன் என்று புரிந்துகொள்ள, தோலுக்கு அடியில் கொழுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அது அங்கே குவியலாகக் கொட்டிக் கிடப்பதில்லை. மாதுளம்பழத்தைப் பிளந்து பாருங்கள். முத்துகள் கொத்துக் கொத்தாக இருக்கும். கொத்துக்கும் கொத்துக்கும் இடையே மெல்லிய வெண்சவ்வு ஓடும். நம் கொழுப்பும் அப்படித்தான். கொழுப்புச் செல்களின் கொத்துகளை நார்ச்சவ்வுகள் பிரித்து வைத்திருக்கின்றன. தோலுக்கு உணவும் உணர்வும் கொண்டுபோகும் ரத்தக்குழாய்கள், நரம்புகள், நிணநீர்க் குழாய்கள் எல்லாம் அந்தச் சவ்வுகளின் வழியாகத்தான் தசையிலிருந்து மேலே ஏறுகின்றன. மழுங்கிய குழாய் உள்ளே போய்வரும்போது மிருதுவான கொத்துகள் பிய்ந்து வருகின்றன. உறுதியான சவ்வும் அதில் ஓடும் பெரிய குழாய்களும் விலகிக்கொடுத்துத் தப்பிக்கின்றன. தோலுக்கு ரத்தம் நிற்பதில்லை. துஜாரியேயின் நோயாளிக்கு நேர்ந்த கதி நேராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லாக் குழாயும் தப்பிவிடுவதில்லை. கேனுலா எனப்படும் அந்தக் குழாய் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் பருமன் உள்ளது. ஒரு துளையிலிருந்து பல திசைகளில் விசிறியாக, நூற்றுக்கணக்கான முறை உள்ளே போய்வருகிறது. ஒவ்வொரு போக்கும் ஒரு சுரங்கம். நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்பு இழைகளும் நிணநீர்க் குழாய்களும் ஆயிரக்கணக்கில் அறுகின்றன. வெளியே தெரிவது அரை சென்டிமீட்டருக்கும் குறைந்த இரண்டு மூன்று துளைகள். உள்ளே இருப்பதோ வயிற்றின் அகலத்துக்கு விரிந்த ஒரு பெரிய காயம். வெளித்துளையைப் பார்த்துக் காயத்தின் அளவை எடைபோடுவதால்தான் பலர் மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்புகிறார்கள்.

இரண்டாவது பெரிய முன்னேற்றம் ஒரு திரவம். ஆரம்ப காலத்தில் உலர்ந்த நிலையிலேயே உறிஞ்சியபோது, வெளியே வந்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாக இருந்தது. அதிகம் எடுத்தால் நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் தோல் மருத்துவராக இருந்த ஜெஃப்ரி க்ளைன் 1985-இல் ஒரு முறையை உருவாக்கி 1987-இல் வெளியிட்டார். லிட்டர் கணக்கில் சலைனை எடுத்து, அதில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னையும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் மிக நீர்த்த அளவில் கலந்து, கொழுப்புக்குள் செலுத்துவது. அந்தப் பகுதி விம்மிக் கெட்டியானபின் உறிஞ்சுவது. ரத்த இழப்பு வெளியே வருவதில் ஏறக்குறைய 1 சதவீதமாகக் குறைந்தது. பொது மயக்க மருந்தே இல்லாமல் செய்யவும் முடிந்தது.

இந்தத் திரவத்தைப் பற்றி நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அட்ரினலின் கலந்த லிடோகெய்னின் வழக்கமான உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். க்ளைன் தன் நீர்த்த முறையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பாகத் தரலாம் என்று 1990-இல் காட்டினார். ஐந்து மடங்கு. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அட்ரினலின் அதை இன்னும் குறைக்கிறது. அதனால் மருந்து மெதுவாகக் கசிந்து ரத்தத்துக்குப் போகிறது. ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போவது ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. காலையில் சிகிச்சை முடித்து மாலையில் வீட்டுக்குப் போனவருக்கு, உச்சம் வருவது வீட்டில், இரவில். வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, குழறும் பேச்சு: இவை லிடோகெய்ன் அளவு மீறியதன் அறிகுறிகள். கல்லீரல்தான் இந்த மருந்தைச் சிதைக்கிறது. அதே நொதிகளைத் தடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்றவற்றைச் சாப்பிடுபவருக்கு லிடோகெய்ன் உடம்பிலேயே தங்கிவிடும். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது, தோலில் தேமலுக்குப் போட்ட மாத்திரையைக்கூட மறக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

அந்த முதல் இரவு. இதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம், ஏனென்றால் குடும்பத்தை அதிகம் பயமுறுத்துவது இதுதான். செலுத்திய திரவத்தில் கணிசமான பகுதி உறிஞ்சலோடு வெளியே வருவதில்லை, திசுவிலேயே தங்கிவிடுகிறது. அது இரண்டு வழியில் வெளியேறும்: ரத்தத்தில் கலந்து சிறுநீராக, அல்லது போட்ட துளைகள் வழியாகக் கசிந்து. பல மருத்துவர்கள் துளைகளைத் தைக்காமல் வேண்டுமென்றே திறந்து விடுகிறார்கள். நள்ளிரவில் நோயாளி புரண்டு படுக்கிறார். உடைக்குள் இருந்த பஞ்சு பட்டைகள் கனத்து நனைந்து, படுக்கை விரிப்பில் தட்டளவு சிவப்புக் கறை. விளக்கைப் போட்ட அம்மா ரத்தம் ரத்தம் என்று பதறுகிறார். அது ரத்தம் அல்ல, ரத்தம் கொஞ்சம் கலந்த சலைன். விரலில் தொட்டால் தண்ணீராக வழியும், பிசுக்கு இருக்காது, வெளுத்த இளஞ்சிவப்பாக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். வெளியே வருவது நல்லது. உள்ளே தங்கினால் வீக்கமும் கன்றலும் நீடிக்கும். கெட்டியாக, அடர்சிவப்பாக, அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வந்தால், அல்லது ஒரு பக்கம் மட்டும் கண்ணெதிரே பெரிதாகி இறுகினால், அது வேறு கதை. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மறுநாள் எடை பார்க்கிறவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். மூன்று லிட்டர் எடுத்திருக்கிறார்கள், எடையோ கூடியிருக்கிறது. தங்கிய சலைனும், காயத்துக்கு எதிர்வினையாக உடம்பு சேர்க்கும் நீரும்தான் அந்த எடை. வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. கண்ணாடியில் தெரியும் உருவம் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிடப் பருமனாக இருக்கும். உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். பணமும் போய், உருவமும் கெட்டுவிட்டதே என்று அழுகை வரும். இது அநேகமாக எல்லோருக்கும் வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதி அழுகையைத் தவிர்க்கலாம்.

உள்ளே அப்போது என்ன நடக்கிறது? எலும்பு முறிவு, தீக்காயம், பல் பிடுங்கிய குழி எல்லாவற்றிலும் உடம்பு கையாளும் அதே வரிசைதான் இங்கேயும். முதல் நிமிடங்களில் தட்டணுக்கள் ஒட்டி, அறுந்த நுண்குழாய்களை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளைத் தேடுகின்றன. இரண்டு மூன்று நாளில் பெருவிழுங்கி எனப்படும் மேக்ரோஃபேஜ்கள் வந்து சேர்கின்றன. லைப்போசக்‌ஷன் காயத்தில் இவற்றின் வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. குழாய் பிய்த்தும் உறிஞ்சாமல் விட்ட கொழுப்புச் செல்கள், அடிபட்டுச் சாகும் செல்கள், உடைந்த செல்களிலிருந்து வழிந்த எண்ணெய்த் துளிகள் எல்லாம் சுரங்கங்களில் கிடக்கின்றன. ஒரு கொழுப்புச் செல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை பெரிதாக இருக்கும். பெருவிழுங்கி அதைவிட மிகச் சிறியது. தனியாக விழுங்க முடியாது. எனவே பல பெருவிழுங்கிகள் செத்த கொழுப்புச் செல்லைச் சுற்றி வளைத்து நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு வளையமாகத் தெரியும். வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. எண்ணெய் அதிகமாக ஒரே இடத்தில் தேங்கிவிட்டால் விழுங்க முடியாமல் சுற்றிலும் சவ்வு கட்டிக் கட்டியாக நிற்பதும் உண்டு.

கன்றிப்போன இடத்தின் நிறமும் இதே துப்புரவின் கணக்குதான். சிந்திய சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைப் பெருவிழுங்கிகள் சிதைக்கும்போது, முதலில் பச்சை நிறப் பிலிவெர்டின், பிறகு மஞ்சள் பிலிருபின். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறைகிறது. மிஞ்சும் இரும்புச்சத்து சிலருக்குப் பழுப்புக் கறையாக மாதக்கணக்கில் நிற்கும். கன்றல் கீழே இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றில் சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்கு மூன்றாம் நாள் விதைப்பை வீங்கிக் கறுத்திருக்கும். பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் வெளியிதழ்கள் வீங்கும். தொடையில் செய்தவருக்குக் கணுக்கால் வீங்கும். புவியீர்ப்பு விசை திரவத்தைக் கீழே இழுக்கிறது, வேறொன்றும் இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இரவெல்லாம் தவிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதைப் பச்சையாகவே எழுதுகிறேன்.

இனி, சிகிச்சைக்குப் பின் போடச் சொல்லும் இறுக்கமான உடை. கம்ப்ரஷன் கார்மென்ட் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். நான்கு முதல் ஆறு வாரம், முதல் சில வாரங்கள் இரவும் பகலும். சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. வேர்க்குரு வரும், அரிக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் தோல் வெந்துபோகும். கழற்றி எறியத் தோன்றும். ஆனால் அது செய்யும் வேலை எளிய இயற்பியல். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் இருபக்கமும் அழுத்தம் உண்டு. உள்ளே இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளப் பார்க்கும். வெளியே திசுவில் இருக்கும் அழுத்தம் எதிர்த்து நிற்கும். கொழுப்பை எடுத்த இடம் தொளதொளத்துக் கிடப்பதால் எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை. நீர் தாராளமாக வந்து தேங்குகிறது. இறுக்கமான உடை வெளியிலிருந்து அந்த எதிரழுத்தத்தைத் தருகிறது. கூடவே, சுரங்கங்களின் மேல்சுவரையும் கீழ்ச்சுவரையும் ஒன்றோடொன்று அமுக்கி வைக்கிறது. சுவர்கள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஒட்டும். இடைவெளி இருந்தால் அங்கே மஞ்சள் நிற நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவர் ஊசி போட்டு எடுக்க வேண்டி வரும். இறுக்கம் அதிகமானாலும் ஆபத்து: மூச்சு முட்டக் கூடாது, கால் நீலம் பாரிக்கக் கூடாது, மடிப்பு ஒரே கோட்டில் அழுத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் பள்ளமாகவே நின்றுவிடலாம்.

முதன்முறை அந்த உடையைக் கழற்றும்போது மயங்கி விழுபவர்கள் பலர். அழுத்தத்தில் இருந்த ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிய, ரத்தம் அங்கே பாய, தலைக்குப் போவது குறைகிறது. குளியலறையில், வழுக்கும் தரையில், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கழற்றினால் மண்டை உடையும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கழற்ற வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை வருவது அடுத்த குழப்பம். வீக்கம் வடிகிறது, ஆனால் வயிறு கட்டையாகக் கெட்டிப்படுகிறது. அங்கங்கே கயிறு ஓடுவது போலவும், திட்டுத் திட்டாகவும் கைக்குத் தட்டுப்படும். நார்ச்செல்கள் வந்து சுரங்கங்களைக் கொலாஜனால் நிரப்பும் கட்டம் இது. முதலில் போடுவது அவசரத்தில் பின்னிய, ஒழுங்கற்ற, மெல்லிய கொலாஜன். பிறகு மாதக்கணக்கில் அதைப் பிரித்து, உறுதியான வகைக் கொலாஜனாக, இழுவிசை போகும் திசையில் அடுக்கி மறுபடி பின்னுகிறது உடம்பு. பின்னலின் போது அது சுருங்கவும் செய்கிறது. இந்தச் சுருக்கம்தான் கொழுப்பிழந்து தொங்க வேண்டிய தோலைக் கீழிருந்து பிடித்து இழுத்துப் படிய வைக்கிறது. லைப்போசக்‌ஷனின் வடிவத்தை மருத்துவரின் கை பாதிதான் செய்கிறது. மீதியை இந்தத் தழும்புத் திசு செய்கிறது. அதனால்தான் மூன்று மாதம் ஆவதற்குள் ஒரு பக்கம் மேடாக இருக்கிறது, மறுபடி உறிஞ்சுங்கள் என்று போய் நிற்பவரை நல்ல மருத்துவர் திருப்பி அனுப்புகிறார். ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார். அதற்குள் பெரும்பாலான மேடுகள் தாமாகவே அடங்கிவிடும்.

மசாஜ் பற்றிப் பலரும் கேட்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930-களில் உருவாக்கிய நிணநீர் வடிப்பு மசாஜ்தான் இன்று லைப்போசக்‌ஷனுக்குப் பின் பரிந்துரைக்கப்படுவது. தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு மிக மென்மையான தடவல். அறுந்த நிணநீர்க் குழாய்கள் வளர்ந்து இணையும் வரை, தேங்கிய நீரைத் தப்பிய குழாய்களின் பக்கம் நகர்த்துவது அதன் நோக்கம். வலி குறைகிறது, இதமாக இருக்கிறது என்று செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள். இறுதி வடிவத்தை அது பெரிதாக மாற்றிவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கெட்டியான இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக் கரைக்கப் பார்ப்பது கட்டாயம் தவறு. புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் அதில் நசுங்கி மறுபடி கன்றும்.

நரம்புகள் கடைசியில் வருகின்றன. அறுந்த நரம்பு இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். அதனால் முதல் வாரங்களில் வயிற்றுத் தோல் மரத்திருக்கும். தொட்டால் யாரோ வேறொருவரைத் தொடுவதாகத் தோன்றும். பிறகு எறும்பு ஊரும், சுரீரென்று இழுக்கும், நடு இரவில் காரணமில்லாமல் அரிக்கும். இவை நரம்பு திரும்பி வருவதன் அடையாளங்கள். மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைப்பதும் ஐஸ் கட்டி வைப்பதும் கூடாது. சுட்டாலும் உறைந்தாலும் தெரியாது. கொப்புளம் வந்த பிறகே கண்ணில் படும்.

நம்மைப் போன்ற பழுப்புத் தோல்காரர்களுக்கு இன்னொரு விஷயம். துளை போட்ட இடங்கள் கறுத்துப்போவதும், சிலருக்குத் தடித்து மேலெழும் கெலாய்டு தழும்பாவதும் வெள்ளைத் தோலைவிட நமக்கு அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே காட்ட வேண்டும். துளைகளில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கறுப்பு குறையும்.

ஆபத்துகளுக்கு வருகிறேன். 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் லைப்போசக்‌ஷன்களை அழகியல் அறுவை மருத்துவர்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, ஒரு லட்சத்துக்கு 19 பேர் இறந்திருந்தார்கள். ஐயாயிரத்தில் ஒருவர். ஆரோக்கியமாக நடந்து வந்தவர்கள் அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு இது பெரிய எண். இறப்புகளில் முதலிடம், கிட்டத்தட்ட நாலில் ஒன்று, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததால். 2002-இல் வெளியான மற்றொரு கணக்கெடுப்பில், அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் செய்த 66,570 லைப்போசக்‌ஷன்களில் ஒரு மரணமும் பதிவாகவில்லை; அவை பெரும்பாலும் க்ளைன் முறையில், குறைந்த அளவு எடுத்துச் செய்தவை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவு. அளவு கூடக் கூட, வேறு அறுவைகளைச் சேர்த்துச் செய்யச் செய்ய, ஆபத்து ஏறுகிறது. மொத்தம் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் நோயாளியை அன்றிரவு மருத்துவமனையிலேயே கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு நேரம் உண்டு. லிடோகெய்ன் நச்சு முதல் நாளில். உடைந்த கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் புகுந்து நுரையீரலையும் மூளையையும் பாதிப்பது பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள். மூச்சுத்திணறல், புத்தி தடுமாற்றம், மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். குழாய் தவறி வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலில் பட்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி கூடிக்கொண்டே போய்க் காய்ச்சல் வரும். வலி என்பது நாளுக்கு நாள் குறைய வேண்டியது. கூடினால் அதற்குக் காரணம் இருக்கிறது. தோலுக்கு அடியில் வேகமாகப் பரவும் தொற்றிலும் இதுவே முதல் எச்சரிக்கை: வெளியே லேசான சிவப்பு, உள்ளே தாங்க முடியாத வலி. கால் ரத்தக்கட்டி முதல் சில வாரங்கள் வரை வரலாம். அதைத் தடுக்கும் மலிவான மருந்து நடை. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் சுருங்கி ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. சிகிச்சை முடிந்த அன்றே எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். அறுவை சிகிச்சை ஆனவர் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று நம் வீடுகளில் பாசத்தோடு சொல்லும் பேச்சு, இந்த இடத்தில் உயிருக்கே உலை வைக்கும்.

எல்லாம் ஆறிவிட்டது. போன கொழுப்பு திரும்ப வருமா?

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கர்ஸ்டி ஸ்பால்டிங்கும் யோனாஸ் ஃப்ரீசேனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அபூர்வமான வழியில் வெளிச்சம் போட்டது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கின; 1963-இல் தடை ஒப்பந்தம் வந்தபின் அது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் அன்றைய காற்றின் கார்பன்-14 பதிந்துவிடும். கொழுப்புச் செல்களில் அதை அளந்தார்கள். கிடைத்த திசுவில் லைப்போசக்‌ஷனில் எடுத்ததும் இருந்தது. நம் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. வயது வந்தபின் மொத்த எண்ணிக்கை அநேகமாக மாறுவதில்லை. இரைப்பை அறுவை செய்து உடல் மெலிந்தவர்களிடமும் இரண்டு ஆண்டுக்குப் பின் எண்ணிக்கை குறையவில்லை. செல்கள் சிறுத்திருந்தன, அவ்வளவே.

குழாயால் எண்ணிக்கையையே குறைத்தால்? கொலராடோ பல்கலைக்கழகத்தில் 32 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் லைப்போசக்‌ஷன் செய்து ஓராண்டு பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. ஆண்டு முடிவில் இரு குழுவின் மொத்தக் கொழுப்பிலும் வித்தியாசம் இல்லை. தொடை மெலிந்தபடியே இருந்தது. கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்ந்திருந்தது. மறுவருடம் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு அதைவிடக் கவலை தந்தது. வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்த பெண்களில், உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பு 10 சதவீதம் கூடியிருந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. தோலடிக் கொழுப்பைவிட உள்கொழுப்பு இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அதிகக் கேடு.

சர்க்கரை குறையும், ரத்த அழுத்தம் குறையும் என்று நம்பி இதைச் செய்துகொள்கிறவர்களுக்கு 2004-இலேயே விடை கிடைத்துவிட்டது. செயின்ட் லூயிஸில் சாமுவேல் க்ளைன் குழுவினர் பருமனான 15 பெண்களிடமிருந்து சராசரியாகப் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் கொழுப்புச் சத்தின் அளவுகளும் அப்படியே இருந்தன. லைப்போசக்‌ஷன் உருவத்தைத் திருத்தும் சிகிச்சை. எடை குறைப்பு என்றோ, சர்க்கரைக்கு மருந்து என்றோ அதை விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

நோயாகவே வந்த கொழுப்புக்கு இது வரப்பிரசாதமாவதும் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் அக்குள் நிணநீர்க் கணுக்கள் போனதால் கை வீங்கி, காலப்போக்கில் அந்த வீக்கம் கெட்டிக் கொழுப்பாகவே மாறிவிட்ட பெண்களுக்கு, ஸ்வீடனின் மால்மோ நகரில் ஹோகன் ப்ரோர்சன் 1980-களின் இறுதியில் லைப்போசக்‌ஷன் செய்யத் தொடங்கினார். கை மற்ற கையின் அளவுக்கு வருகிறது, பல ஆண்டுகள் அப்படியே நிற்கிறது. ஒரே நிபந்தனை: கைக்கான இறுக்கமான உறை வாழ்நாள் முழுக்க, இரவும் பகலும். கழற்றி வைத்துப் பார்த்தபோது வீக்கம் திரும்பியது. மறுபடி மாட்டியதும் வடிந்தது.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இதற்குப் போவதாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை லிட்டர் எடுக்கப்போகிறீர்கள்? என் எடைக்கு எவ்வளவு லிடோகெய்ன்? அன்றிரவு நான் எங்கே இருப்பேன்? இரவு இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள், எந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது? கடைசிக் கேள்விக்குப் பெயரோடும் எண்ணோடும் பதில் வராத இடத்தில் படுக்காதீர்கள். சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்துங்கள். நிகோட்டின் சுருக்கிய ரத்தக்குழாய்களால் காயம் ஆறாது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மூச்சு வாங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, பேச்சோ புத்தியோ தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.